காய்ச்சல் எத்தனையாம் நாள்? ஆஸ்பத்திரிப் பக்கத்து மாடி ஆய்வுகூடம்

திருகோணமலையில் இரத்தம் எடுத்துப் பார்க்கிற இடங்களுக்குக் குறைவில்லை. பெரியாஸ்பத்திரியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் நான்கைந்து பலகைகள் கண்ணில் படும். நான் எழுதப்போவது அதில் ஒரு மாடி ஆய்வுகூடத்தைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று அங்கே வேலை பார்க்கிற பிள்ளை கேட்டுக்கொண்டார். ஊர்க்காரருக்கு அடையாளம் போதும்: கீழே சைக்கிள் திருத்துகிற கடை, பக்கச் சுவரோடு குறுகலான படி, படிக்கு நீலநிற இரும்புக் கைப்பிடி.

கடந்த ஒன்றரை வருடத்தில் வீட்டு ஆட்களுக்காக அந்தப் படியைப் பதினொரு தடவை ஏறியிருக்கிறேன். ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரு சொப்பிங் பையில் சேர்த்து வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது அவற்றை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தம்பியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அவன் தம்பலகாமத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறான். பெரும்போகம், கார்த்திகை மழை, வயல் முழுக்கத் தண்ணீர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் குளிரோடு காய்ச்சல் வந்தது. தலை பிளக்கிற மாதிரி இடி, கண்ணுக்குப் பின்னால் நோவு. டெங்கு என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். எங்கள் மாவட்டத்தில் அப்படி நினைப்பதில் பிழையும் இல்லை. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று பார்த்தவள் நான். அப்போது அங்கேதான் படிப்பித்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் பாதி வாங்கு காலியாக இருக்கும். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு என்ற சந்தேகத்தில் பதிவானார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை, அதாவது மூன்றாம் நாள், தம்பி தானாகவே ஒரு மருந்துக்கடைக்குப் போனான். உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக்கும், கூடவே அன்டிபயோட்டிக் கப்சூலும் டொக்டரின் துண்டு இல்லாமலே கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வேறொரு ஆய்வுகூடத்தில் ‘காய்ச்சல் பக்கேஜ்’ என்று ஒன்று செய்தான். காசைக் கட்டினான், இரத்தம் எடுத்தார்கள், கடதாசி வந்தது. டெங்கு அன்டிஜன், அதாவது டெங்குக் கிருமியின் புரதத்தை இரத்தத்தில் தேடுகிற பரிசோதனை, நெகட்டிவ். நெருப்புக்காய்ச்சலுக்கான பரிசோதனையில் ஏதோ கொஞ்சம் பொசிட்டிவ். ‘டெங்கு இல்லை அக்கா, டைபொயிட்டாம்’ என்று போனில் சொன்னான். எனக்கும் நெஞ்சு லேசானது. அந்தக் கப்சூலையே தொடர்ந்து போட்டான்.

புதன்கிழமையும் காய்ச்சல் 103இல் நின்றது. அன்றைக்குத்தான் அவனைக் கையைப் பிடித்து நீலக் கைப்பிடிப் படியில் ஏற்றினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்கு முப்பது வயதிருக்கலாம். பெயர், வயதை எழுதியதும் கேட்டது காசையோ என்ன பரிசோதனை என்பதையோ அல்ல.

“டீச்சர், காய்ச்சல் தொடங்கி இண்டைக்கு எத்தினையாம் நாள்?”

“ஐந்தாவது இருக்கும்.”

“இருக்கும் எண்டு சொல்லாதீங்கோ. முதல் குளிர் எப்ப வந்தது? காலமையா, பின்னேரமா?”

சனிக்கிழமை பின்னேரம் மாடு கட்டப் போன நேரம் என்று தம்பி சொன்னான். அவர் விரல் மடித்து எண்ணி, பதிவுத் துண்டின் மேல் மூலையில் ஒரு கட்டத்துக்குள் 5 என்று எழுதினார். அவர்களுடைய ரிப்போர்ட்டிலும் அந்தக் கட்டம் உண்டு. ‘காய்ச்சல் நாள்’ என்று அச்சடித்திருக்கும், இரத்தம் எடுத்த நேரமும் பக்கத்தில் இருக்கும். நான் பார்த்த வேறெந்த ரிப்போர்ட்டிலும் அது கிடையாது.

அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். காய்ச்சலுக்கான ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. டெங்கு அன்டிஜன் முதல் நாலைந்து நாளுக்குள் பார்த்தால்தான் பிடிக்கும், பிறகு மங்கிவிடும். அந்த நாளுக்குள்ளேயே நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. டெங்குவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் இரத்தத்தில் தெரியத் தொடங்கும். எலிக்காய்ச்சலுக்கும் அப்படித்தான், ஒரு கிழமை ஆகும் முன்னர் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நெருப்புக்காய்ச்சலை உறுதியாகச் சொல்வது இரத்தத்தை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர்தான், அதையும் அன்டிபயோட்டிக் உள்ளே போகும் முன்னர் எடுக்க வேண்டும். தம்பி செய்த மாதிரியான பரிசோதனை, முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கும் வேறு காய்ச்சலுக்கும்கூட ‘பொசிட்டிவ்’ காட்டும். இதையெல்லாம் அந்தப் பிள்ளை விரிவுரை மாதிரிச் சொல்லவில்லை. தம்பியின் கையில் ரப்பர் பட்டியைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டே, கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னார்.

நான் எலிக்காய்ச்சல் பரிசோதனையும் செய்துவிடுங்கள் என்றேன். வயல்காரன், காலில் வெடிப்பு வேறு. “இண்டைக்குச் செய்தா நெகட்டிவ் எண்டுதான் வரும், நீங்கள் அதை நம்பிப் போடுவீங்கள். காசும் வீண். எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிறது) மட்டும் செய்வம், அதைக் கொண்டு டொக்டரிட்டப் போங்கோ” என்றார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லுகிற கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

எலிக்காய்ச்சலை நினைத்து நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று பேசப்பட்டு ஆட்கள் இறந்தது எலிக்காய்ச்சலால்தான் என்று பிறகு உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு வெடிப்பு வழியாகவே கிருமி உள்ளே போகும். கெண்டைக்காலில் தொட முடியாத நோவு, சிவந்த கண், சிறுநீர் குறைதல், பிறகு மஞ்சள் என்று போய் சிறுநீரகத்தைப் பிடிக்கும். வயலில் இறங்க முன்னர் கிழமைக்கு ஒரு தடவை போடச் சொல்லி டொக்சிசைக்கிளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தம்பி அதை வாங்கப் போகவே இல்லை. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இருந்துவிட்டான்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. உடனேயே போனும் வந்தது. இரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் 1 லட்சத்து 18 ஆயிரம், குறைவுதான். ஆனால் வெள்ளையணு குறையவில்லை, 9,800 இருந்தது. டெங்குவில் அது கீழே போவதுதான் வழக்கமாம். “இது என்ன எண்டு நான் சொல்லக்கூடாது டீச்சர், ஆனா நாளைக்கு எண்டு வைக்காதீங்கோ, இப்பவே வாட்டுக்குப் போங்கோ. நோவுக்குப் போட்ட குளிசை, கப்சூல் எல்லாத்தின்ர அட்டையையும் கொண்டு போங்கோ.” அட்டையைக் கொண்டுபோகச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று வாட்டில்தான் விளங்கியது. டைக்ளோபெனாக் அட்டையைக் கண்டதும் டொக்டர் அதைத்தான் முதலில் நிறுத்தினார். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பனடோலைத் தவிர வேறு நோவுக் குளிசை எதுவும் தொடக்கூடாது, அஸ்பிரின், ஐபுபுரோபன் இனங்கள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

வாட்டில் இருந்தவர் இளம் டொக்டர். தம்பியிடம் நிறையக் கேட்டார். சீனி வருத்தம் இருக்கா? காட்டுக்குப் போனீங்களா? பற்றை வெட்டினீங்களா? சீனி வருத்தம் இருந்தால் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற மெலியோய்டோசிஸ் கிருமியையும் யோசிக்க வேண்டும், கிழக்கில் அது இருக்கிறது என்றார். தம்பிக்கு சீனி இல்லை. ஆனால் பற்றை வெட்டியிருந்தான். பத்து நாளைக்கு முன்னர் மாடு வராமல் வேலி போடவென்று வரம்போரப் பற்றை முழுவதையும் அவன்தான் துப்புரவாக்கினான்.

டொக்டர் திரையை இழுத்துவிட்டு, அக்குள், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு என்று கைபோன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இடமாகத் தேடினார். கடைசியில் சாரத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். சாரம் இறுக்கிக் கட்டுகிற இடத்தில், இடது பக்கம், சுருட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்தப் பொருக்கு. சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். அரை விரல் நகம் அளவுகூட இராது. நோவும் இல்லை, கடியும் இல்லை, அதனால் அவனுக்கே தெரியாது. ஐந்து நாளாக அவனுக்குத் துணி மாற்றிய எனக்கும் தெரியாது.

உண்ணிக்காய்ச்சல். பற்றையில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடிக்கிறதால் வருவது. மருந்துக்கடையில் கொடுத்த கப்சூல் இதற்கு வேலையே செய்யாதாம். அன்றிரவே டொக்சிசைக்கிளின் தொடங்கினார்கள். உறுதிப்படுத்துகிற இரத்தப் பரிசோதனை ஊருக்கு வெளியே போய் வர நாளாகும் என்பதால் அதற்குக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல் விட்டது. தம்பி கட்டிலில் எழும்பி இருந்து, பாணும் பருப்பும் கேட்டான். டெங்குவுக்கு மருந்து கிடையாது, பார்த்துப் பார்த்துக் காப்பாற்ற வேண்டும். இதற்குக் குளிசை இருக்கிறது, இரண்டு நாளில் ஆளை எழுப்புகிறது. ஆனால் தேடாமல் விட்டால் நுரையீரல், மூளை என்று பிடித்து உயிரையே எடுக்கும். அந்தப் பொருக்கைக் கண்டவர் டொக்டர்தான், ஆய்வுகூடம் அல்ல. ஆனால் அன்றிரவே எங்களை அங்கே துரத்தியது அந்தப் போன்.

மகளுடைய ரிப்போர்ட்டுகள் தனியாக நான்கு இருக்கின்றன, போன வருடத் தையில் எடுத்தவை. அவளுக்கு வந்தது டெங்கு. பதின்மூன்று வயது. கட்டங்களில் 2, 3, 4, 5 என்று எழுதியிருக்கிறது. நாலாம் நாள் இரவு காய்ச்சல் இறங்கியது. பிள்ளை சிரித்தாள், கஞ்சி குடித்தாள். நானும் நேர்த்திக்கடன் வைத்த அம்மனுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஐந்தாம் நாள் இரத்தம் தேவையில்லை என்று நினைத்தேன். அன்று காலை ஏழு மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து போன் வந்தது. “டீச்சர், இண்டைக்கு ஏன் இன்னும் வரேல்ல?” காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன். “அதாலதான் வரச் சொல்லுறன்.”

டெங்குவில் ஆபத்து வருவது காய்ச்சல் அடிக்கும்போது அல்ல, இறங்குகிற நேரத்தில் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். 24 முதல் 48 மணித்தியாலம்வரை இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகும். அப்போது இரத்தம் தடிக்கும். ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இருக்கிற எண் அதைத்தான் சொல்லும். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்ப்போம், நானும் அப்படித்தான். மகளுடைய பி.சி.வி. மூன்றாம் நாள் 36, ஐந்தாம் நாள் 42. பிளேட்லெட் 92 ஆயிரம். அந்த இரண்டு எண்ணுக்கும் கீழே ஆய்வுகூடப் பிள்ளை பேனையால் கோடு போட்டுத் தந்தார். ரிப்போர்ட் கைக்கு வந்த அரை மணித்தியாலத்தில் வாட்டில் இருந்தோம். இரண்டு நாள் மணிக்கு மணி சிறுநீரை அளந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

அந்த நாட்களில் என்ன குடிக்கக் கொடுக்கலாம் என்பதையும் ஆய்வுகூடப் பிள்ளைதான் முதலில் சொன்னார்: ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்), கஞ்சி, இளநீர், பால். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. சிவப்பு, கபில நிறக் குடிபானம் வேண்டாம், வாந்தி எடுத்தால் இரத்தமா சாயமா என்று தெரியாமல் போய்விடும். வாட்டில் மிஸ்ஸும் இதையே சொன்னார்.

இன்னொரு நாள் எனக்கு முன்னால் நின்றவர் கப்பலில் வேலை செய்கிறவர், ஆபிரிக்கக் கரையிலிருந்து வந்து இரண்டு கிழமை. அவரிடம் நாள் கேட்டு முடிந்ததும் அடுத்த கேள்வி, வெளிநாடு போய் வந்தீங்களா? ஆம் என்றதும் அவரிடம் காசு வாங்கவே இல்லை. மலேரியா பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்ப்பார்கள், இப்போதே போங்கள் என்று அனுப்பிவிட்டார். இங்கே உள்ளூரில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார அமைப்பு மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது. என் அம்மா காலத்தில் இந்த மாவட்டத்தில் மலேரியா வராத வீடு கிடையாது, இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. அதனாலேயே வெளியிலிருந்து வருகிறவர்களிடம் கேட்க மறந்துவிடுகிறோம்.

விலை பற்றி: எஃப்.பி.சி.க்கும் டெங்கு அன்டிஜனுக்கும் தனியார் இடங்களில் இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசாங்கம் வைத்த உச்ச விலை இருக்கிறது. அது சுவரில் ஒட்டியிருக்கிறது, அதற்கு மேல் ஒரு சதம்கூட வாங்கவில்லை. ‘பக்கேஜ்’ எதுவும் கிடையாது.

குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது அந்தப் படி. 103 காய்ச்சலோடு வருகிற ஆள் பதினெட்டுப் படி ஏற வேண்டும். தம்பி நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தான். கேட்டால் கீழே வந்து ஆட்டோவுக்குள் வைத்தே இரத்தம் எடுப்பார்களாம், ஆனால் அப்படி எழுதி ஒரு பலகை கீழே இல்லை. சைக்கிள் கடைக்காரர் சொன்னால்தான் உண்டு. இரண்டாவது, காத்திருக்கிற இடத்தில் வாங்குக்குக் கீழே நுளம்பு. பின்னேரத்தில் காலைக் கடிக்கிறது. டெங்குக் காய்ச்சல்காரர்கள் வரிசையாக இருக்கிற இடத்தில் நுளம்பு இருக்கலாமா? ஒருவரைக் கடித்த நுளம்பு பிறகு அடுத்தவரைத் தேடி வரும். இதை நேரே சொன்னேன். அடுத்த தடவை போனபோது ஜன்னலுக்கு வலை அடித்திருந்தார்கள், கதவுக்கு இன்னும் அடிக்கவில்லை. மூன்றாவது, ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். ‘காய்ச்சல் நாள்’ என்ற கட்டம் மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் வருகிற தாய்மாருக்கு பி.சி.வி. என்றால் என்னவென்று இரண்டு வரி தமிழில் இருந்தால் எவ்வளவு உதவி. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இந்த விடுமுறையில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

கல்ச்சர் இங்கே செய்வதில்லை. அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதை அவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள், மழைக்காலத்தில் ஆறு மணிக்கே வரிசை வந்துவிடும். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு பூட்டு. போக முன்னர் காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள், போட்ட குளிசை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியைப் போன கிழமை கடைசிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிளேட்லெட் 2 லட்சத்து 40 ஆயிரம். காய்ச்சல் நாள் என்ற கட்டத்தில் எண் இல்லை, சின்னதாக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். வயலுக்குப் போக முன்னர் பணிமனையில் குளிசை எடுத்தீங்களா என்று அவனிடம் கேட்டார். எடுத்துவிட்டேன் என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.